இரண்டாவது பொட்டலம்

புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ராசுவின் டீக்கடையில் அங்கமுத்து ஒரு போண்டாவை முழுதாகத் தின்று யாரும் பார்த்ததில்லை. ஒரு கடி கடிப்பார். கடித்த இடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். அப்புறம் அதைச் செய்தித்தாள் துண்டின் மேல், அடிபட்ட பிராணியைக் கிடத்துவதுபோல், மெல்லக் கிடத்துவார்.

"ஏப்பா ராசு, இதை எங்க மாப்பிள்ளை கடைக்குக் குடு. டியூப்ல வெச்சு ஒட்டுனான்னா இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்."

மாப்பிள்ளை என்றது மனைவியின் தம்பி கதிர்வேலை. டீக்கடையைத் தாண்டி, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை அவனுடையது. ராசு டீயை ஆற்றிக்கொண்டிருப்பான். கடித்த போண்டாவுக்கும் காசு வந்துவிடுகிறது. தவிர, அங்கமுத்துவின் வாய்க்குத் தப்பியது அந்த ஊரில் எதுவும் இல்லை என்பது அவனுக்கு ஓர் ஆறுதல். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பந்தி முடிவதற்குள் சமையல்காரருக்கு இனி அந்த வட்டாரத்தில் வேலை கிடைப்பது சந்தேகம் என்ற நிலை வந்துவிடும். தெற்கே ஒரு கிலோமீட்டரில், தலைப்பாகை கட்டிய மீசைக்காரனைப் பலகையில் வரைந்துவைத்து ஒருவன் 'பஞ்சாபி தாபா' திறந்தபோது அங்கமுத்து முதல் ஆளாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மாஸ்டருக்கு ஊர் ராசிபுரம் என்று விசாரித்துக்கொண்டும் வந்தார்.

"புளி ஊத்த மறந்துட்டா அது தாலாம். கறிவேப்பிலை மெதக்குது. பஞ்சாப்ல இதை மாட்டுக்கு வெச்சாக்கூட மாடு மொறைக்கும்."

இப்படிப் பேச அவருக்குத் தகுதி இல்லாமல் இல்லை. இருபத்து மூன்று வருடம் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் ரிக் வண்டியில் சமையல்காரராக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் முன்னால் போகும். குழாய்களையும் அரிசி மூட்டைகளையும் சுமந்துகொண்டு இன்னொரு லாரி பின்னால் போகும். அந்த இரண்டாவது லாரியில் அடுப்போடு அடுப்பாக அங்கமுத்து மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றியிருக்கிறார். பதினான்கு பேருக்குச் சமையல். தமிழ் டிரில்லர்களுக்குச் சோறும் குழம்பும், பீகார் கூலியாட்களுக்கு ரொட்டியும் தாலும். ரொட்டி போட அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அந்தக் கூலியாட்களில் ஒருவன். போன வருடம் வலது முட்டி கைவிட்டது. லாரி ஏற முடியாத சமையல்காரர் எதற்கு என்று முதலாளி ஒரு சால்வை போர்த்தி, வெள்ளி முலாம் பூசிய விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார். விளக்கின் முலாம் பொங்கலுக்குள் உரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பதினான்கு மாதமாக ராசு கடையின் சிமென்ட் பெஞ்சுதான். மனைவி சாலம்மாள் காலை ஆறு மணிக்குக் கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போய்விடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் அங்கமுத்து ஊரில் உள்ள அத்தனை பேருடைய தொழிலையும் ஒருமுறை தரம் பிரித்து முடித்திருப்பார்.

பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும். எதிரே ஓடுகிற நெடுஞ்சாலையைக் கையால் காட்டுவார்.

"இந்த ரோடு எங்க போகுது தெரியுமா உங்களுக்கு? நேரா நாக்பூரு. அதுக்கு மேல டெல்லி. நாளுக்கு எத்தனை வடக்கத்தி லாரி போகுது, எண்ணிப் பாத்திருக்கீங்களா? அந்த டிரைவரெல்லாம் என்ன பண்றான்? டயர் நெழல்ல ஸ்டவ்வைப் பத்தவெச்சு அவனே மாவு பெசைஞ்சு திங்கறான். ஏன்? இந்தச் சீமையில ஒருத்தனுக்கு ரொட்டி போடத் தெரியாது. நான் மட்டும் இங்க ஒரு அடுப்பைப் போட்டேன்னு வெச்சுக்கங்க, டோல்கேட் வரைக்கும் லாரி வரிசை கட்டி நிக்கும்."

பெஞ்சில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்குச் செலவில்லை. சொல்வதற்கும் செலவில்லை. பதினான்கு மாதமாக எல்லோருக்கும் சௌகரியமாக இருந்த இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் கதிர்வேல். அவன் மச்சான் சொன்னதை நம்பிவிட்டான்.

முதலில் அவரை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனான். ஒரு கல்யாண மண்டபத்தில் தன்னம்பிக்கைப் பயிற்சி. கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கண்ணை மூடி உங்களுக்குள் இருக்கும் சிங்கத்தைப் பாருங்கள் என்றார். இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்தச் சொன்னார். கத்தினார்கள். அங்கமுத்து கண்ணையும் மூடவில்லை, வாயையும் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது சொன்னார்:

"மாப்ள, என்ற செருப்பை உள்ள இருந்த சிங்கத்துல ஒண்ணு போட்டுக்கிட்டுப் போயிருச்சு."

கதிர்வேல் அசரவில்லை. அடுத்த வாரமே பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டயர்களை அள்ளி ஒதுக்கிவிட்டு, நான்கு இரும்புக் குழாயை நட்டு, மேலே தகரம் போட்டான். அடுப்பு மேடை கட்டினான். ஒரு மத்தியானம் அங்கமுத்துவை பெஞ்சிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து நிறுத்தினான்.

"மச்சான், எடம் ரெடிங்க. நீங்க அடுப்பைப் பத்த வெக்கறதுதான் பாக்கி. இந்தத் திங்கக்கெழமை நீங்க வரலைன்னா ஒருத்தன் கரும்புச்சாறு போடக் கேக்கறானுங்க, அவனுக்கு உட்டுருவேன். சும்மா போட்டு வெக்க முடியாதுங்க, ரோட்டோர எடம்."

அங்கமுத்து தகரத்தை அண்ணாந்து பார்த்தார். வெயிலில் அது டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "தகரம் ரொம்ப மெல்லிசு, கேஜ் கம்மி" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இருபத்து மூன்று வருடமாக யோசிக்காத ஒன்று அவருக்குப் பிடிபட்டது. காட்டுக்குள் பதினான்கு பேர். நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் இன்னொரு அடுப்பு கிடையாது. வைத்ததைத் தின்றார்கள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போக அவர்களுக்கு இடம் இல்லை. தன் கைச் சமையலைத் தின்னவும் தின்னாமல் போகவும் உரிமை உள்ள ஒரு மனிதனுக்கு அவர் இதுவரை ஒருவேளைகூடப் பரிமாறியதில்லை. ஊரில் உள்ள எல்லாச் சமையலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவருக்கு, தன்னுடையதை அப்படி ஒருவன் தூக்கிப் பார்ப்பான் என்ற நினைப்பே பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து காரணங்கள் வரிசையாக வந்தன. முட்டி நிற்கவிடாது. சிலிண்டர் கிடைக்காது. கோதுமை மாவு இந்தப் பக்கம் சரியில்லை. கதிர்வேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தான். உயரமான ஸ்டூல் வந்தது. சிலிண்டர் வந்தது. மாவு சேலத்திலிருந்து வந்தது. புதன்கிழமை காரணமெல்லாம் தீர்ந்துபோய், அங்கமுத்து யாரும் மறுத்துப் பேச முடியாத ஒன்றை எடுத்தார்.

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம் மாப்ள. பூக் கேக்காம என்னைக்கு எதைத் தொடங்கியிருக்கோம்?"

அது உண்மை. போர் போடவும், பெண் எடுக்கவும், கோழிப்பண்ணை வைக்கவும் மாரியம்மனிடம் பூக் கேட்கிற ஊர் அது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, ஒரே மாதிரி வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, கேட்கிறவர் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போடுவார். சம்பந்தமில்லாத ஒரு ஆள் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அங்கமுத்து தாமே பூப் பறிக்கப் போனார். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி வரிசையாக நிற்கிறது. சிவப்பும் வெள்ளையும் கலந்து, லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பூத்துத் தள்ளுகிறது. பாதிச் சாலையைக் கடந்து, நடுத்திட்டில் நின்று, இரண்டு பக்கமும் லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருக்க, அவர் பறித்தது இரண்டு சிவப்புப் பூ. வெள்ளைச் செடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டும்போது அவருக்குப் பெரிய குற்ற உணர்ச்சி ஒன்றும் இருக்கவில்லை. ஆத்தா எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள், அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்று தமக்குத் தாமே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். கட்டிய பொட்டலங்களைத் தேங்காய் பழத் தட்டில் வைத்து மேலே ஒரு துணியைப் போட்டார். அன்று ரசத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். சாலம்மாள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் பொட்டலம் எடுக்கக் குழந்தை யாரும் கிடைக்கவில்லை. எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டன. கோயில் பெருக்கும் ராமாயியைப் பூசாரி கூப்பிட்டார்.

"எதுக்குச் சாமி?"

"அங்கமுத்து ரொட்டிக் கடை போடலாமான்னு கேக்கறாரு. ஒண்ணை எடு."

"இவரா?" ராமாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அங்கமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள். "போன மாரியம்மன் பண்டிகைக்கு நான் ஊத்துன கூழைக் கழனித்தண்ணின்னாரு. இவரு கடையில போய் ஆத்தா எதுக்கு நொழையறா?"

"எடு ராமாயி. நேரமாகுது."

அவள் குனிந்து, கைக்கு வந்த ஒன்றை எடுத்து, நாரை இழுத்துப் பிரித்தாள். வாழை இலைக்கு நடுவே வெள்ளை அரளி கிடந்தது.

அங்கமுத்து குனிந்து இலையை இன்னொரு முறை பார்த்தார். பூசாரி மணியை ஆட்டினார். கதிர்வேல் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையோடு போனை எடுத்துப் பூவைப் படம் பிடித்தான். பண்ணைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்த சாலம்மாள் தேங்காய் மூடியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில், ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டதும் தெரிகிற அளவுக்கு மேல் எந்த உணர்ச்சியும் இல்லை.

"அந்த இன்னொண்ணை நானே கிணத்துல போட்டுர்றேன்" என்றார் அங்கமுத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் உள்ளே சிவப்பு இருந்தால், தாம் கட்டிய சிவப்புகளில் ஒன்றை மட்டும் ஆத்தா வெள்ளையாக்கியிருக்கிறாள் என்று ஆகும். அந்த ஆத்தாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? வெள்ளை இருந்தால், வீட்டில் ஒருத்திக்கு எல்லாம் தெரியும் என்று ஆகும். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? எது மோசம் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்கிற கேள்வியிலேயே திருட்டு இருக்கிறது. பொட்டலம் மூன்று நாள் சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அடுப்பு பற்றியது. சாலம்மாள் பண்ணையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுத் தட்டுக் கழுவ வந்திருந்தாள். கதிர்வேல் ஓர் அட்டையில் ரொட்டி, தால் என்று இந்தியில் எழுதி வாங்கிவந்து சாலையைப் பார்க்க மாட்டியிருந்தான். அங்கமுத்து பதினான்கு பேருக்குத் தால் வைத்தார். குறைவாக வைக்கக் கைக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணி வரைக்கும் ஈ காக்கை இல்லை. ஒன்பதேகாலுக்கு ஹரியானா லாரி ஒன்று பஞ்சருக்காக ஓரம் கட்டியது. டிரைவர் ஆறடி ஆள். டயர் கழற்றும் வரை என்ன செய்வது என்று வந்து உட்கார்ந்தான். அங்கமுத்து இந்தியில் பேசியதும் அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ரொட்டி போனது. தால் போனது, ஊறுகாய் போனது. அங்கமுத்து கல்லைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, கடைக்கண்ணால் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஒரு வாய் தின்றான். நிறுத்தினான். தாலுக்குள் விரலை விட்டு ஓர் இலையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தான். இன்னொன்று. இன்னொன்று. ஆறு கறிவேப்பிலை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தன.

"இது என்ன?" என்று இந்தியில் கேட்டான்.

அங்கமுத்து எட்டிப் பார்த்தார். முதலில் அவருக்கே புரியவில்லை. தாளிக்கும்போது அதைப் போட்டதே நினைவில் இல்லை. எண்ணெய் காய்ந்தால் கடுகு, கடுகு வெடித்தால் கறிவேப்பிலை. அதைச் செய்வது கைதான், அவரிடம் கேட்டுச் செய்வதில்லை. இருபத்து மூன்று வருடம், ஒரே எண்ணெய்ச் சட்டியில் டிரில்லர்களுக்குக் குழம்பும் கூலியாட்களுக்குத் தாலும் தாளித்ததில், கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தால் திருச்செங்கோட்டுத் தாலாக மாறியிருக்கிறது. கூலியாட்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தின்றிருக்கிறார்கள்.

"இது தால் இல்லை பாயி. உங்க ஊர்ல இட்லிக்கு ஊத்துவாங்களே, அது" என்றான் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பாதியில் எழுந்தான். பன்னிரண்டு மணிக்கு, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ராசு வந்து சேர்ந்தான்.

"அண்ணா, எனக்கும் ஒண்ணு குடுங்க. ஊரே பேசுது."

காலையில் போட்ட ரொட்டிதான் இருந்தது. ராசு ஒரு கடி கடித்தான். கடித்த இடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். மடியிலிருந்து செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து விரித்து, அதன்மேல் ரொட்டியை மெல்லக் கிடத்தினான். துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"நல்லாத்தானுங்ணா இருக்குது. என்ற பங்காளி ஒருத்தன் ராசிபுரத்துல செருப்புக்கடை வெச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லி வெக்கட்டுமாங்?"

பஞ்சர் கடையில் டயர் உருட்டிக்கொண்டிருந்தவர்கள்வரை சிரித்தார்கள். கதிர்வேல் சிரிப்பை அடக்க டியூபைத் தண்ணீரில் முக்கிக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் சாலம்மாள் மிச்சத் தாலை எருமைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எருமை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தது. அங்கமுத்து படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதற்கு மானத்தை விட வேண்டியிருந்தது. மானம் எப்படியும் மத்தியானமே போய்விட்டதால், விட்டார்.

"சாலா, நாளைக்கு நான் போகல. கரும்புச்சாறுக்காரனுக்கே உட்றச் சொல்லு உன்ற தம்பிய."

"ஏனுங்க? ஆத்தாதான் வாக்கு குடுத்துட்டாளே."

"அந்த வாக்கு செல்லாது." அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் படியில் வைத்தார். "நான் ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன். எப்படி வெள்ளை வந்துச்சுன்னு தெரியல. கேள்வியே திருட்டுத்தனமா கேட்டது. அதுக்கு வந்த பதிலை வெச்சுக்கிட்டு எப்படி ஏவாரம் பண்றது?"

சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. இனி அவள் அழலாம், திட்டலாம், தம்பியைக் கூப்பிடலாம். எதுவானாலும் நாளைக்குப் போக வேண்டியதில்லை.

சாலம்மாள் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பதினாலு மாசமா குடிக்கற தண்ணிய மோந்து குடிக்காத மனுசன், பூப் பறிக்க நானே போறேன்னு கெளம்பினா யாருக்குத்தான் தெரியாது? அடுத்த நாள் காத்தால நீங்க தண்ணி வாத்துக் குளிக்கப் போனதும் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் செவப்பு. எதுத்த ஊட்டு நந்தியாவட்டைய வெச்சா உங்களுக்கு வேற பூவுன்னு தெரிஞ்சுரும்னு, ரோட்டுக்கு ஓடிப் போய் ரெண்டு வெள்ளரளி பறிச்சாந்து வெச்சுக் கட்டுனேன்."

அங்கமுத்து பொட்டலத்தைப் பார்த்தார். நாரை இழுத்தார். இலை காய்ந்து நொறுங்கியது. உள்ளே பூ ஓரம் பழுத்துச் சுருங்கியிருந்தது. ஆனாலும் வெள்ளைதான்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயுந்தான்."

"ஒண்ணை மட்டும் மாத்தியிருந்தாச் சரியா இருந்திருக்குமில்ல? ஆத்தா சொன்னதாவது ஆயிருக்கும்."

"மாத்தலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். உங்களுக்காக அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்னு உட்டுட்டேன்."

அங்கமுத்து காய்ந்த பூவை விரலால் திருப்பினார். அப்புறம், எங்காவது பிடி கிடைக்குமா என்று பார்ப்பவர்போலக் கேட்டார்: "அப்ப ஆத்தா என்னதான் சொல்றா?"

"அவகிட்ட யாருங்க கேட்டது? நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. ராமாயி குனிஞ்சு எந்திரிச்சதுதான் மிச்சம்."

"நீ எந்த நம்பிக்கையில வெள்ளைய வெச்ச?"

"நம்பிக்கையா? உங்க மேலயா?" சாலம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். "ஊட்டுல இருந்துக்கிட்டு என்ற ரசத்தைக் கொறை சொல்றது நின்னாப் போதும்னு வெச்சேன். நீங்க போய் டிரைவருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா எனக்கென்ன?"

அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். முட்டி வரவில்லை. சாலம்மாள் கை நீட்டவில்லை. சட்டியைத் திண்டில் வைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள்:

"அந்தத் தாலு கெடக்குது. எருமைக்கே புடிக்கல, குடிக்கற வழியில்லாம குடிக்குது. ஆனா அந்த ஆறடி ஆளு ரொட்டி எத்தனை தின்னான், பாத்தீங்களா?"

"பாக்கல."

"எப்படிப் பாப்பீங்க? கறிவேப்பிலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஏழு. மிச்சத்துக்குத் தாலைத் தொடவே இல்ல. ஊறுகாயைத் தொட்டுத் தின்னான். தட்டு கழுவுனவ நான்."

செவ்வாய்க்கிழமை காலை சாலம்மாள் வழக்கம்போல ஆறு மணிக்குப் பண்ணைக்குப் போய்விட்டாள். போகும்போது கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொபெட் வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. மாவுப் பை கதவோரம் இருந்தது. அங்கமுத்து காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். போ என்று சொல்ல ஆத்தா இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆத்தா இல்லை. இரண்டு பக்கத்துச் சாக்கையும் சாலம்மாள் பூ மாற்றிய அந்த ஒரே காலையில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருந்தது ஐம்பத்தோரு வயதில், அரளிச் செடிக்குப் பின்னால் ஒளிந்த ஓர் ஆள். அந்த ஆளைப்போல ஒருத்தனை டீக்கடை பெஞ்சில் பார்த்திருந்தால் தாம் என்னவெல்லாம் சொல்லியிருப்போம் என்று யோசித்தார். நிறையத் தோன்றியது. எல்லாமே பொருத்தமாக இருந்தது.

ஏழு. ஊறுகாயைத் தொட்டு ஏழு.

காப்பியைக் கொட்டிவிட்டுச் சாவியை எடுத்தார்.

கடையில் அடுப்பைப் பற்றவைத்து, பருப்பு வெந்ததும் எண்ணெயைக் காயவைத்தார். சீரகம் போட்டார். பூண்டு போட்டார். கை தானாகக் கறிவேப்பிலைக் கொத்துக்குப் போனது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த நொடியே அது மறுபடியும் போனது. இது சரிப்படாது என்று சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கொத்தை அப்படியே தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ராசு கடைக்குப் போய், போண்டா மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

"இந்தா, வெச்சுக்க. உன்ற போண்டாவுலயாச்சும் கொஞ்சம் வாசம் வரட்டும்."

ராசு கொத்தையும் அவரையும் பார்த்தான். "இன்னைக்கும் உண்டாங்ணா?" என்றான். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

ராஜஸ்தான் லாரி ஒன்று பதினோரு மணிக்கு வந்தது. பஞ்சர் இல்லை, அட்டையைப் பார்த்து நின்றது. டிரைவர் ஒல்லி ஆள், பேசாமல் தின்றான். அங்கமுத்து இந்தமுறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்தாவது ரொட்டியில் டிரைவர் நிமிர்ந்தான்.

"ரொட்டி நல்லா இருக்கு. தால்ல உப்புக் கம்மி."

அங்கமுத்துவின் வாயில் பதில் திரண்டு வந்தது. ராஜஸ்தானில் தண்ணீரே உப்பு, உங்கள் நாக்கு அப்படி என்று சொல்லலாம். நல்ல பதில்தான். கரண்டியை விட்டுத் தாலை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். கம்மிதான். ஏழு பேருக்கு வைத்ததில் உப்பை மட்டும் நான்கு பேருக்குப் போட்டிருந்தார்.

"எங்க போறே?" என்று இந்தியில் கேட்டார்.

"தூத்துக்குடி. சரக்கு எறக்கிட்டு வெள்ளிக்கிழமை இதே வழிதான்."

"வெள்ளிக்கிழமை நிறுத்து" என்றார்.

லாரி கிளம்பிப் போனதும் ராசு கடையிலிருந்து ஒரு டீயும் ஒரு போண்டாவும் வந்தன. கொண்டுவந்தது ராசுதான். காலையிலிருந்து எதுவும் தின்னாததால் அங்கமுத்து போண்டாவை வாங்கித் தின்றுகொண்டே உப்பு டப்பாவைத் தேடினார்.

"என்னுங்ணா, வரிசை டோல்கேட் வரைக்கும் போகலையாட்டம் இருக்குது" என்றான் ராசு. "நாளைக்கும் வருவீங்களா, இல்ல கரும்புச்சாறுக்குச் சொல்லிரலாமா?"

"வெள்ளிக்கிழமை ஒருத்தன் வாரான்" என்றார் அங்கமுத்து. "உப்புக் கம்மின்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கான். அதுக்குள்ள எப்படிக் கடையை மூடறது?"

ராசு காலி டம்ளரை எடுத்துக்கொண்டான். போண்டா வந்த செய்தித்தாள் துண்டையும் எடுத்தான். அதில் கிடத்தப்பட்டது எதுவும் இல்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனான்.